கொம்பு எங்கே போனது?

கதையும் கவிதையும் பேசுகிற இடத்தில் ஒரு நர்ஸ் வந்து மென்பொருள் வரலாறு பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012. சத்வாவில் நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்த அறை. வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் பாட்டுத்தாள் அடித்துக்கொண்டிருந்தேன். பழைய மடிக்கணினி, அதில் லினக்ஸ். உலாவியில் 'தேவன்' சரியாகத் தெரிந்தது. அதே வரியை ஆவணத்தில் ஒட்டினால் இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. நேரமில்லை, அப்படியே அச்சடித்துவிட்டேன். ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மா, படிக்க முடியாமல் தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

யூனிகோடில் 'த' முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது தனியான ஒரு நிரலின் வேலை. 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்க வேண்டும். இப்படி எழுத்துகளைக் கோப்பதற்கான நிரல் ஒன்று ஃப்ரீடைப் திட்டத்தில் பிறந்தது. ஜினோமுக்கான பாங்கோவும், கேடிஇக்கு அடித்தளமான க்யூட்டியும் ஆளுக்கொரு நகல் எடுத்துத் தனித்தனியே திருத்திக்கொண்டன. ஒன்றில் சரிசெய்த பிழை மற்றதில் அப்படியே கிடக்கும். வார்டில் மருந்துப் பட்டியலை இரண்டு இடத்தில் எழுதி வைப்பது போலத்தான். டாக்டர் ஒன்றில் மருந்தை நிறுத்துவார்; மற்றதைப் பார்த்து ராத்திரி டியூட்டி நர்ஸ் கொடுத்துவிடுவார்.

பிரிந்த நகல்களை மறுபடி ஒன்றாக்கியதுதான் ஹார்ஃப்பஸ். பிறகு ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதைப் புதிதாகவே எழுதினார். பாரசீகத்தில் 'ஹர்ஃப்' எழுத்து, 'பாஸ்' திறந்தது. ஓப்பன்டைப் என்பதன் மொழிபெயர்ப்பு. சத்வாவில் ஈரானிய ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஒலி அந்நியமாக இருக்காது. லிப்ரே ஆபிஸ், 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லாத் தளங்களிலும் இதையே பயன்படுத்துகிறது.

ஆனாலும் நகல் ஒழியவில்லை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமியமும் தங்கள் மூலநிரலோடு ஒரு ஹார்ஃப்பஸையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. தாங்கள் சோதித்த பதிப்பே ஓட வேண்டும் என்பது அதிலுள்ள நியாயம். டெபியனின் கொள்கை நேர் எதிர்: பொது நூலகம் இருக்கும்போது உள்ளே இன்னொரு நகல் வேண்டாம், பாதுகாப்புத் திருத்தத்தை ஒரே இடத்தில் போட்டால் போதும். நான் டெபியன் கட்சி. வார்டில் வேலை பார்த்தவள் வேறு எப்படி இருக்க முடியும்? நகல் எடுத்தே ஆகவேண்டும் என்றால், திருத்தியதை மூலத்துக்குத் திருப்பி அனுப்பட்டும்.

பின்னாளில் புதுப் பதிப்பு போட்டு அந்தப் பாட்டுத்தாளைத் திறந்தேன். ஒரு எழுத்தையும் தொடவில்லை. கொம்பு தானாக முன்னால் வந்து நின்றது. அந்த அம்மா அதற்குள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்.