நாஷ்வில் வானொலியும் கிராமிய சங்கீதமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில், டென்னஸி மாநிலத்தின் தலைநகராகிய நாஷ்வில்லில், 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி டபிள்யூ.எஸ்.எம். என்னும் வானொலி நிலையம் 1,000 வாட் சக்தியுடன் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, அதை ஸ்தாபித்தவர்களுக்குக் கிராமிய சங்கீதத்தைப் போஷிக்க வேண்டுமென்ற சங்கற்பம் எதுவும் இருக்கவில்லை. எளிய குடும்பங்களிடம் வாரந்தோறும் சில சென்ட் வீதம் பிரீமியம் வசூலித்து வந்த நேஷனல் லைஃப் அண்ட் ஆக்ஸிடென்ட் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியே அதன் உரிமையாளர். கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவருடைய புதல்வரான எட்வின் கிரெய்க் என்பவர் வானொலியில் கொண்டிருந்த ஆர்வமே அதன் பிறப்புக்குக் காரணம். நிலையத்தின் பெயரிலுள்ள மூன்றெழுத்துக்களும்கூட, லட்சக்கணக்கானோரைக் காப்பவர் நாங்கள் என்ற பொருள்படும் கம்பெனி விளம்பர வாக்கியத்தின் முதலெழுத்துக்களே.

ஒரு மாதம் சென்றபின், சிகாகோ நகரத்து டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தில் கிராமிய நடன நிகழ்ச்சியை அறிவித்துப் பிரசித்தி பெற்றிருந்த ஜார்ஜ் ஹே இந்நிலையத்தின் நிர்வாகியாக வந்து சேர்ந்தார். நவம்பர் 28-ஆம் தேதி இரவு, எழுபத்தேழு பிராயம் கடந்த ஜிம்மி தாம்ப்ஸன் என்ற பிடில் வித்வானை அவர் ஒலிவாங்கியின்முன் அமர்த்த, அக்கிழவரின் வாசிப்பைக் கேட்ட ஜனங்கள் கடிதங்களாலும் தந்திகளாலும் தங்கள் ஆனந்தத்தைத் தெரிவித்தனர். ஆண்டு முடிவதற்குள் சனிக்கிழமை இரவுகளுக்கென நிரந்தர நிகழ்ச்சி ஒன்று ஏற்பட்டுவிட்டது. தென்னாட்டின் ஏதென்ஸ் என்று தம் நகரைப் பெருமையுடன் அழைத்துக்கொண்ட நாஷ்வில் கனவான்களில் பலருக்கு இது ரசிக்கவில்லை. ஆயினும் பாலிஸி வாங்கக்கூடிய ஜனங்கள் யார் என்பதைக் கம்பெனி நன்கறிந்திருந்தது.

இந்நிலையம் கிராமத்தில் இருந்த சங்கீதத்தை உள்ளது உள்ளபடியே நாட்டுக்கு வழங்கியது என்ற அபிப்பிராயம் பரவலாக உண்டு. சான்றுகளை ஊன்றி நோக்குமிடத்து அது பாதி உண்மையே என்பது என் துணிபு. ஆரம்ப காலக் கோஷ்டிகளுள் ஒன்றின் தலைவரான ஹம்ஃப்ரி பேட், வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று பட்டம் பெற்ற டாக்டர். அவரும் அவர் சகாக்களும் முதலில் கோட்டும் டையும் அணிந்தே புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வயல் வேலை செய்வோரின் உடையை உடுத்தி, காட்டு விலங்கு வேட்டைக்காரர் என்ற பொருள்படும் பெயரையும் சூட்டியவர் ஹே. சங்கீதம் கிராமத்தின் மெய்யான செல்வம். அதன் வேஷமோ பெரும்பகுதி நிலையத்தின் சிருஷ்டி.

1927 டிசம்பரில் நிகழ்ச்சிக்கு கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற நாமகரணம் ஆயிற்று. ஹே பிற்காலத்தில் எழுதியபடி, அன்றிரவு நியூயார்க்கிலிருந்து வால்ட்டர் டாம்ராஷ் நடத்திய சாஸ்திரீய சங்கீதக் கச்சேரியில் ரெயில் வண்டியின் ஓட்டத்தைச் சித்திரிக்கும் உருப்படி ஒன்று இடம்பெற்றது. அது முடிந்ததும், டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின இளைஞர் தம் சிறிய ஹார்மோனிகாவில் பான் அமெரிக்கன் ரெயிலின் வேகத்தையும் ஊதலையும் அப்படியே எழுப்பிக் காட்டினார். கிராண்ட் ஓபராவைக் கேட்டோம், இனி நம்முடையதைக் கேட்போம் என்ற கருத்தில் ஹே கூறியதே பெயராக நிலைத்தது.

1932-இல் நிலையத்தின் சக்தி 50,000 வாட்டாக உயர்ந்தது. நகருக்குத் தெற்கே பிரென்ட்வுட்டில் 878 அடி உயரமுள்ள கோபுரமும் நிறுவப்பட்டது. 650 கிலோசைக்கிள் அலைவரிசையில் இரவு வேளையில் வேறு அமெரிக்க நிலையம் குறுக்கிடாதபடி அரசாங்கம் ஒதுக்கீடு செய்திருந்தமையால், இருட்டிய பின் வானத்தில் பட்டுத் திரும்பும் அலைகள், பல மாநிலங்களுக்கு அப்பாலிருந்த பண்ணை வீடுகளையும் எட்டின. பாடகர்கள் வாரநாட்களில் தொலைதூர ஊர்களில் கச்சேரி செய்து ஜீவனம் நடத்துவதும், சனிக்கிழமைதோறும் நாஷ்வில்லுக்குத் திரும்புவதும் இதனால்தான் சாத்தியமாயின. 1939-இல் என்.பி.சி. வலையமைப்பு நிகழ்ச்சியின் அரைமணிப் பகுதியை ஏற்றது. 1943 முதல் 1974 வரை, சமயக் கூட்டங்களுக்கெனக் கட்டப்பட்ட ரைமன் மண்டபமே அதன் இருப்பிடமாயிற்று. நிலையத்தின் இஞ்சினீயர்கள் சிலர் நாற்பதுகளில் இசைத்தட்டுப் பதிவுக்கூடம் அமைத்தனர். ராய் அகஃப் என்ற ஓப்ரி பாடகர், ஃப்ரெட் ரோஸுடன் சேர்ந்து 1942-இல் பாடல் பதிப்பகம் தொடங்கினார். நாஷ்வில்லின் இசைத்தொழில் வேரூன்றியது இவ்வாறே.

இவ்வளவு விருத்தியின் நடுவே பெய்லிக்கு நேர்ந்ததை ஆராய்ச்சியாளன் ஒதுக்க இயலாது. பிரயாணங்களில் சக வித்வான்கள் தங்கிய ஹோட்டல்களில் அவருக்கு இடம் கிடைப்பதில்லை. 1941-இல் பாடல் உரிமைச் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் மூண்ட கட்டணத் தகராறில், அவர் வழக்கமாக வாசித்துப் புகழ்பெற்ற உருப்படிகள் ஒலிபரப்புக்கு உதவாமற் போயின. அவ்வாண்டே அவர் விலக்கப்பட்டார். ஹே பின்னர் எழுதியபோது, புதிய உருப்படிகளைக் கற்காத சோம்பல் என்று அவர்மீதே குற்றத்தைச் சுமத்தினார். மெட்டுக்களை மறுத்தது நிலையம். பழி கலைஞனுக்கு வந்தது. இதனை அநீதி என்று சொல்ல நான் தயங்கவில்லை. அவர் நாஷ்வில்லிலேயே காலணி துடைக்கும் கடை நடத்தி வாழ்ந்து, 1974-இல் மீண்டும் ஓப்ரியில் வாசித்து, 1982-இல் காலமானார். கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 2005-இல்; ஹேயின் பெயரோ 1966-லேயே அங்கு இடம்பெற்றிருந்தது.