பாரிஸ் நகரத்துச் சைக்கிள் அரங்கு

கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். சைக்கிள் பந்தயம் நடந்த ஓர் அரங்கின் வரலாற்றை இன்று நான் சொல்லப் போகிறேன். அந்த அரங்கு இப்பொழுது இல்லை.

பாரிஸ் மாநகரில், ஈபெல் கோபுரத்திற்கு அருகே நேலாத்தோன் தெருவில் 1910ஆம் ஆண்டில் அது திறக்கப்பெற்றது. குளிர்காலத்திலும் மழையும் பனியும் படாமல் சைக்கிள் ஓட்டுவதற்கென்று கூரையிட்டுக் கட்டியதாதலால், 'குளிர்காலச் சைக்கிள் அரங்கு' என்பதே அதன் பெயர். மக்கள் அதைச் சுருக்கி 'வெல் தீவ்' என்றனர். 1913 முதல் அங்கே ஆறு நாள் பந்தயங்கள் நடைபெற்றன. இருவர் சேர்ந்தது ஓர் அணி. ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் ஓட்டுவார். இரவு பகல் என்ற வேறுபாடு கிடையாது. செல்வர்கள் நடுக்களத்தில் அமர்ந்து விருந்துண்ண, தொழிலாளர்கள் உயரத்து மாடங்களிலிருந்து ஆரவாரம் செய்வார்கள். 1924ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் அங்கேதான் நிகழ்ந்தன.

இனி நான் சொல்லவிருப்பது விளையாட்டைப் பற்றியது அன்று.

1942 ஜூலை 16, 17 ஆகிய இரு நாட்களில் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் 13,152 யூதர்கள் சிறைப்பிடிக்கப்பட்டார்கள். நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது உண்மையே. ஆயினும் கதவைத் தட்டியவர்கள் பிரெஞ்சுப் போலீசார். குழந்தைகளோடு கூடிய குடும்பங்கள், ஏறத்தாழ எண்ணாயிரம் பேர், இவ்வரங்கினுள் அடைக்கப்பட்டனர். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிக் கண்ணாடிக் கூரைக்கு முன்னரே நீல வண்ணம் பூசியிருந்தார்கள். எவரும் தப்பாதபடி சன்னல்களும் மூடப்பட்டன. கோடை வெப்பம், குடிக்க நீர் போதாது, கழிப்பிடங்களோ மிகச் சில. தீயணைப்பு வீரர்கள் சிலர் தங்கள் குழாய்களைத் திறந்து நீர் கொடுத்ததும், அங்கிருந்தோர் எழுதிய கடிதங்களை மறைத்து வெளியே கொண்டு சென்றதும் நன்றியுடன் குறிப்பிடத்தக்கவை. சில நாட்களுக்குப் பின் அம்மக்கள் பித்திவியே, போன்-லா-ரோலாந்து முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தார்கள். இருசாராரும் பின்னர் சென்றடைந்த இடம் ஆஷ்விட்ஸ்.

போர் முடிந்ததும் அதே அரங்கில் பந்தயங்கள் மீண்டும் தொடங்கின. அதே இருக்கைகளில் மக்கள் அமர்ந்து கைதட்டினார்கள். அக்கொடுமையைக் காட்டிலும் இந்த மறதியே எனக்கு விளங்காததாக இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் கடைசி ஆறு நாள் பந்தயத்தில் புகழ்பெற்ற அங்கெத்தில் அணியினர் வென்றனர். மறு ஆண்டு அரங்கு இடிக்கப்பட்டது.

பிரெஞ்சு அரசுக்கு இக்குற்றத்தில் பொறுப்பு உண்டென்று குடியரசுத் தலைவர் சிராக் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995 ஜூலை 16ஆம் நாள். அதாவது, ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து! 2017இல் நேலாத்தோன் தெருவில் ஒரு சிறு பூங்கா திறக்கப்பட்டது. அதன் சுவரில் 4,115 குழந்தைகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன.