கவலைக் கிணறும் தோல் தைத்த கைகளும்

அவிநாசியிலிருந்து சேவூர் போகும் வழியிலோ பல்லடம் பக்கத்துக் கிராமங்களிலோ பஸ்சில் போனால் சன்னலோரம் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். பாழடைந்த கிணற்று மேட்டில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். சில இடங்களில் ஒன்று சாய்ந்திருக்கும், சுற்றி வேலிக்கருவை மூடியிருக்கும். கவலை ஓட்டிய கிணறுகள் அவை. மோட்டார் வருவதற்கு முன் கொங்கு நாட்டுத் தோட்டங்கள் விளைந்தது அந்தக் கற்களுக்கு நடுவே ஏறிவந்த தண்ணீரில்தான்.

திருப்பூர் வரலாறு என்று கேட்டால் நமக்கு ஒரு வரிசை சொல்லித் தருகிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணல், அவிநாசி கோயில், 1932 ஜனவரியில் தடியடி பட்டு இறந்த குமரன், பிறகு பனியன். அருந்ததியர் எங்கே என்று கேட்டால் தீரன் சின்னமலையோடு நின்ற பொல்லானைச் சொல்வோம். அவருக்கு ஒரு நினைவிடம் என்பதற்கே நம் மக்கள் நெடுங்காலம் கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது. வீரர்களைத் தேடுவது தேவைதான். ஆனால் வாள் எடுக்காத, தினமும் வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான பேருக்கும் வரலாறு உண்டு. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

கவலை எப்படி வேலை செய்தது என்று இன்று இருபது வயதில் இருக்கும் பலருக்குத் தெரியாது. கிணற்றிலிருந்து சரிவாக இறங்கும் வாரியில் இரண்டு மாடுகள் நடக்கும். அவை இறங்கும்போது வடம் இழுபட்டு, உருளை மேல் ஓடி, சால் மேலே வரும். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய். அதன் நுனியில் தனியாக ஒரு கயிறு. மேலே வரும்வரை நுனி மடங்கி நிமிர்ந்தே இருக்கும், தண்ணீர் சிந்தாது. விளிம்புக்கு வந்ததும் நுனி தொட்டிப் பக்கம் இழுபட்டுத் தண்ணீர் தானாகக் கொட்டிவிடும். மாடு ஓட்டுகிற ஒரே ஆள் போதும். எளிமையாகத் தெரிகிற நல்ல பொறியியல்.

இதில் உயிர்நாடி தோல். நாள் முழுக்க நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனையும் தோல் சீக்கிரம் கிழியும். பங்குனி, சித்திரையில் கிழிந்து இரண்டு நாள் தைக்காமல் கிடந்தால் பயிர் வாடிவிடும். செத்த மாட்டைத் தூக்குவது, உரிப்பது, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்குவது, ஆவாரம்பட்டையில் பதப்படுத்துவது, நீர் ஒழுகாமல் தைப்பது எல்லாம் அருந்ததியர் வேலை. ஆவாரை அவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பில், திருமணத்துக்கு முன் தாலியை முதலில் ஆவாரங்கிளையில் கட்டும் வழக்கம் பதிவாகியிருக்கிறது.

கூலி என்று காசு கிடையாது. அறுவடையில் களத்து மேட்டில் அளந்து போடும் தானியம்தான். செருப்பும் அவர்களே தைத்தார்கள், ஆனால் ஊர்த் தெருவில் செருப்போடு நடக்க முடியாது. இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. அவர்கள் கையால் பதப்படுத்தித் தைத்த தோல் ஒரு நாளைக்கு நூறு தடவை கிணற்றுக்குள் இறங்கும். அந்தக் கை மட்டும் அதே கிணற்றில் குடம் விடக்கூடாது. தீட்டு என்பது எவ்வளவு வசதியாகக் கணக்குப் பார்க்கும் என்று புரிந்துகொள்ள இதற்கு மேல் தத்துவம் படிக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது எந்தச் சீர்திருத்தமும் அல்ல, மின்சாரம். 1930களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்தது, மில்கள் பெருகின. சுதந்திரத்துக்குப் பிறகு பம்புசெட் கிணறு கிணறாக இறங்கியது. செத்த மாடு தூக்கும் கட்டாயம் தளர்ந்தது நல்லதுதான். ஆனால் களத்து மேட்டுத் தானியமும் சேர்ந்தே போனது. நிலம் கையில் இல்லை. மிஞ்சியது பண்ணையாள் வேலையும் கடனும். அருந்ததியச் சிறுவர்கள் ஆடு மேய்க்கும் பண்ணையத்தாட்களாக வளர்ந்த காலத்தைப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் சொல்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல்தான் வந்தது.

அதே காலத்தில்தான் திருப்பூர் ஏற்றுமதிக்குத் திரும்பியது. கம்பெனி முதலாளிகளில் பலர் தோட்டத்திலிருந்து வந்து, மிஷினில் உட்கார்ந்து, பிறகு முதலாளி ஆனவர்கள். ‘உழைத்து முன்னேறினோம்’ என்பதே அவர்கள் சொல்லும் வரலாறு. ஷரத் சாரி இதை ஆராய்ந்து 2004இல் புத்தகமாக எழுதினார். அந்த உழைப்பைப் பொய் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் பண்ணையாளும் உழைத்தார், கவலைத் தோலைத் தைத்தவரும் உழைத்தார். அவர்கள் உழைப்பு ஏன் மூலதனமாக மாறவில்லை? நிலம் யார் பெயரில் இருந்தது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

பிறகும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவே இருவரும் இந்தப் பகுதியில் இரண்டு கிராமங்களை ஒப்பிட்டு 2014இல் எழுதினார்கள். தலித்துகள் திருப்பூருக்குப் பஸ் ஏறி பனியன் வேலைக்குப் போன ஊரில் ஆதிக்க சாதியைச் சார்ந்திருப்பது குறைந்திருந்தது. உள்ளூர் விசைத்தறியில் முன்பணம் வாங்கி வேலை செய்த ஊரில் பழைய பிடி புது வடிவில் தொடர்ந்தது. நான் வேலை செய்யும் ஊர்களிலும் இதைப் பார்க்கிறேன். அட்வான்ஸ் தொகை தெரிந்தால் அந்த வீட்டுப் பையன் பஞ்சாயத்தில் வாய் திறப்பானா என்று சொல்லிவிடலாம்.

போன வருடம் ஒரு மாலை வகுப்பில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். “அக்கா, செத்த மாடு தூக்குன கதைய ஏன் மறுபடியும் கிளறுறீங்க? கம்பெனில யாராச்சும் எந்தத் தெருன்னு கேட்டாலே நாங்க பேச்ச மாத்திருவோம்.”

அவள் கேட்டது நியாயம். தோல் வேலையைப் ‘பாரம்பரியம்’ என்று கண்காட்சி வைப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. மறுக்க முடியாத வேலை அது. மறுத்தவர்கள் அடி வாங்கினார்கள். ஆனால் கட்டாயம் இருந்தது என்பதால் அறிவு இல்லாமல் போகாது. நாம் சொல்லாவிட்டால், கிணறு தோண்டியதிலிருந்து பனியன் தைத்தது வரை ஒரே சாதி செய்ததாகத்தான் எழுதப்படும், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோதும் ‘இவர்களுக்கு மட்டும் ஏன் தனியாக’ என்று கேட்டவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது. இப்படித்தான் அவளிடம் சொன்னேன். அவள் சமாதானமானதாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து போனில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். அவள் தாத்தா, எண்பது தாண்டியவர், சாலின் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லிக்கொண்டே போகிறார். பாதி தமிழ், பாதி வீட்டுத் தெலுங்கு. தைக்கும் வாரைத் திரிக்கும் இடத்தில் ஒரு சொல் வருகிறது. வகுப்பில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை, அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர் கவலை ஓட்டிய கிணற்றை மூடி இப்போது ஒரு குடோன் கட்டியிருக்கிறார்கள். தூண் ஒன்று மட்டும் காம்பவுண்டு சுவருக்கு வெளியே கிடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை அங்கே அழைத்துப் போகிறோம். உங்கள் ஊரிலும் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் உட்காருங்கள்.