கிளிநொச்சிக் கையொப்பமும் எங்கட வளவும்

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, பூநகரிப் பகுதியின் நாச்சிக்குடாவிலிருந்து எங்கள் குடும்பமும் புறப்பட்டது. நான் சிறுவன். வாப்பாவின் வள்ளம் கரையிலேயே கிடந்தது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஒதுங்கினோம்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் 13ஆம் திகதி ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். முஸ்லிம்கள் ஊர் திரும்பலாம் என்பதும் அதில் இருந்தது. செய்தி கேட்ட வாப்பா ஒன்றுதான் கேட்டார்: "மன்னிப்பு சரி மகன், வளவைத் தருவாங்களா?"

அறிக்கைகள் பலவற்றைப் படித்த பிறகும் எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் ஹக்கீம் அரச தூதுக்குழுவில் இருந்தார். முஸ்லிம்களுக்கெனத் தனித்தரப்பு இல்லை. மீண்டும் போர். 2008 நவம்பர் 15இல் பூநகரி இராணுவத்திடம் வீழுமுன்னமே அயல் தமிழரும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

யுத்தம் முடிந்து நான் போனபோது எங்கள் வளவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்களும் இடம்பெயர்ந்து அலைந்தவர்கள்தான். அந்த அம்மா தேத்தண்ணி தந்தா. "தம்பி, இந்தக் கிணறு உங்கட வாப்பா வெட்டினது எண்டு ஊரில சொல்லுவினம்" என்றா. நான் உறுதியைக் காட்டினேன். அவவிடம் உறுதி இல்லை, போக வேறிடமும் இல்லை. வாப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன், பிடிபடவில்லை.

அவவுக்கு மாற்றுக்காணி கேட்டு எழுதிய கடிதத்தில் நானும் ஒப்பமிட்டேன். இப்போது வளவின் ஒரு பக்கம் எங்கட கொட்டில். கிணற்றில் இரண்டு வீடும் தண்ணி அள்ளுகிறோம்.