அந்தச் சின்னக் கோடு

பள்ளிக்கூடத்தில் குளோரின் மூலக்கூறு என்றால் இரண்டு அணு, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு என்னன்னு நான் கேட்டதே இல்லை. பி.இ. முதல் வருஷமும் அப்படியே ஓடிப்போச்சு. நாற்பது தாண்டிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

முதல் ஆச்சரியம்: வேதியியலாளர்கள் 1860களிலேயே இந்தக் கோட்டைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். எலக்ட்ரானே 1897-ல்தான் தெரியவந்தது. அதாவது, என்னவென்று தெரியாமலேயே வரைந்திருக்கிறார்கள்!

உப்பை விளக்குவது சுலபம். சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. ஆனால் இரண்டு குளோரின் சேர்ந்தால்? ரெண்டும் ஒரே மாதிரி. யார் கொடுப்பது, யார் வாங்குவது?

கில்பர்ட் லூயிஸ் 1902-ல் ஹார்வர்டில் பாடம் நடத்தியபோது அணுவைக் கனசதுரமாக வரைந்தார். எட்டு மூலை, எட்டு எலக்ட்ரான். அதை வைத்து 1916-ல் விடை சொன்னார். குளோரினின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான். இரண்டுக்கும் சேர்த்து 14. இரண்டு கனசதுரங்களை ஒரு விளிம்பில் ஒட்டுங்கள், மூலைகளை எண்ணுங்கள்: சரியாக 14. விளிம்பில் இருக்கும் 2 எலக்ட்ரான்கள் இரண்டு பேர் கணக்கிலும் வரும். இதுதான் சகப்பிணைப்பு. அந்தக் கோடு, ஒரு ஜோடி எலக்ட்ரான்.

ஆக்சிஜனுக்கு ஒரு முகத்தை ஒட்டினால் 12 மூலை, 6+6. அதுவும் சரி. நைட்ரஜனில் மாட்டிக்கொண்டது. 5+5=10; கனசதுரத்தை எப்படி ஒட்டினாலும் வராது. லூயிஸ் அதே கட்டுரையிலேயே கனசதுரத்தை விட்டுவிட்டு, நான்முகியின் மூலைகளில் ஜோடி ஜோடியாக எலக்ட்ரான்களை வைத்தார். இரண்டு நான்முகிகள் ஒரு முகத்தில் ஒட்டினால் மூன்று ஜோடி. முப்பிணைப்பு கிடைத்துவிட்டது.

ஆனால் எதிர்மின்சுமை கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கணுமே, ஏன் ஜோடி சேர்கின்றன? அதற்கு அவரிடம் சரியான பதில் இல்லை. கூலும் விதியே மிகச் சின்னத் தூரத்தில் பொருந்தாதோ என்றுகூட யோசித்தார். 1927-ல் ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் இயக்கவியலை வைத்து ஹைட்ரஜன் மூலக்கூறை விளக்கிய பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. கூலும் விதியில் ஒரு தப்பும் இல்லை.

இந்தப் பிணைப்புக்கு ஆங்கிலப் பெயர் வைத்துப் பரப்பியவர் இர்விங் லாங்மியூர், 1919-ல். 1932-ல் அவருக்கு நோபல் கிடைத்தது, வேறொரு ஆய்வுக்காக. லூயிஸுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

கனசதுரம் தப்பு. ஜோடி என்ற கணக்கு மட்டும் நின்றுவிட்டது. இப்போது என் பெண்ணின் நோட்டில் அந்தக் கோட்டைப் பார்த்தால், அதை இரண்டு புள்ளியாகப் போடச் சொல்கிறேன்.