வாடையும் கரையும் பலகையும்

காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கிய மொழி நம் மொழி. வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கினின்று வருவது தென்றல். மேற்கினின்று வருவது கோடை. இந்நான்கு சொற்களையும் மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர், சனவரித் திங்களில் ஒருநாள் அவர்களைச் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வாராயின், வாடை இன்னதென விளக்க வேண்டிய தேவையே இராது. ஒற்றைப் பலகையின்மீது நின்று, கையிற் பற்றிய பாயினால் அக்காற்றை வாங்கி, அலைகளைக் கிழித்தோடும் இளைஞரை அங்கே காணலாம். விண்ட்சர்ஃபிங் என உலகம் வழங்கும் இவ்விளையாட்டைப் பாய்ப்பலகை ஓட்டம் என நாம் அழைக்கலாம்.

பாய்ப்பலகைக்குச் சுக்கான் கிடையாது. பாய்மரம் எப்பக்கமும் சாயத்தக்க ஒரு மூட்டின்மேல் நிற்கிறது. பாயை முன்னே சாய்த்தால் பலகையின் முகம் காற்றைவிட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். இத்துணை எளிய கருவியை முதலிற் கண்டவர் யார் என்னும் வழக்கோ எளிதில் தீரவில்லை. அமெரிக்கரான நியூமன் டார்பி, தாம் அமைத்த பாய்ப்பலகையைப் பற்றி 1965இல் இதழொன்றில் எழுதினார். கலிபோர்னியாவின் ஹாயில் சுவைட்சரும் வானூர்திப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1970இல் அதனைப் பெற்றனர். இங்கிலாந்து நீதிமன்றமோ 1985இல் அக்காப்புரிமை அந்நாட்டிற் செல்லாது எனத் தீர்த்தது. பீட்டர் சில்வர்ஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் 1958இலேயே ஹேலிங் தீவின் கரையில் அத்தகைய பலகையை ஓட்டியமை அங்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. வழக்கு முடியுமுன்பே, 1984இல், இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்டது.

ஈண்டு ஒன்றைக் கருதிப் பார்க்க வேண்டும். பாய்ப்பலகைக்கும் அது புறப்படும் நம் கடற்கரைக்கும் ஏறத்தாழ ஒரே வயது. இன்று பூங்காவாக விளங்கும் நிலம் 1966க்கு முன் கடலாகக் கிடந்தது. அவ்வாண்டு தொடங்கிய கிழக்குக் கரைக் கடல்தூர்ப்புப் பணி, ஏழு கட்டங்களாக 1980களின் நடுப்பகுதி வரை நடைபெற்றது. பிடோக் வட்டாரத்துக் குன்றுகளை வெட்டி, அம்மண்ணை நீண்ட உருள்பட்டைகளின் வழியே கரைக்குக் கொணர்ந்து கொட்டினர். 1,500 எக்டருக்கும் மிகுதியான நிலம் இவ்வாறு எழுந்தது. குன்று கடலுக்குள் இறங்கி நகராயிற்று எனல் மிகையாகாது.

நிலம் கிடைத்தது, கரையோரச் சிற்றூர்கள் மறைந்தன. சிக்லாப், பிடோக் முதலிய இடங்களில் வாழ்ந்த மலாய் மீனவர்க்குக் கடல் எட்டாத் தொலைவாயிற்று. அவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டு வசதி பெருகியது மெய்யே. எனினும் கைமாறாமற் போன கல்வியொன்று உண்டு. கோலேக் என்னும் சிறு பாய்ப்படகை மலாய் மக்கள் ஓட்டிய திறம் பெரிது. 19ஆம் நூற்றாண்டு முதலே சிங்கப்பூரிற் புத்தாண்டுப் படகுப் பந்தயங்கள் நடைபெற்றன. கோலேக் பந்தயத்தில் காற்று வலுக்கும்போது படகோட்டிகள் கயிற்றைப் பற்றியவாறு, படகின் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துப் படகை நிமிர்த்துவர். இன்று பாய்ப்பலகை பயிலும் மாணவனும் பாயை எதிர்த்து அவ்வாறே சாயக் கற்கிறான். அவனுக்குக் கற்பிக்கும் பாடநூல் வேறெங்கோ எழுதப்பட்டது!

காற்று மட்டும் பழைய காற்று. சீனத் துறவி யீஜிங் 671இல் குவாங்சௌவிலிருந்து இவ்வாடையிற் புறப்பட்டு, இருபது நாள்களுக்குள் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். பின்னர்க் கடாரம் வழியாக வங்கக் கடலைக் கடந்தார். ஒரு காற்றில் வந்தவர் மறுகாற்றுக்குத் திங்கட்கணக்கிற் காத்திருந்த துறைகளே மலாய்த் தீவுகளின் பழந்துறைகள். அவ்வாறு காத்திருந்தோருள் நம் வணிகரும் இருந்தனர். மலாய் மொழியின் 'காப்பால்' நம் கப்பலே எனச் சொல்லாய்வாளர் கூறுவர். அம்மொழியில் பருவத்தைக் குறிக்கும் 'மூசிம்' அரபுச் சொல்லாகும்.

அப்பருவங்கள் இன்றும் மாறாமல் வருகின்றன. டிசம்பர் முதல் மார்ச் முற்பகுதி வரை வடகிழக்குப் பருவக்காற்று. டிசம்பரிலும் சனவரியிலும் அது பெருமழையோடு வரும். பெப்ரவரியில் மழை குறைந்து, காற்று நின்று வீசும். பாய்ப்பலகையினர் விரும்புவது இக்காலத்தையே. தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலோ இதே காற்று பேரலைகளை எழுப்பி மீனவரைக் கரையில் நிறுத்திவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சிங்கப்பூருக்குத் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் மென்காற்று வரும். இடைப்பட்ட திங்கள்களில் காற்று திசையற்று அலையும். பிற்பகலில் இடி முழங்கும். அஞ்சத்தக்கது 'சுமத்ரா' என வழங்கும் புயற்காற்று. விடியலுக்கு முன்னரோ முற்பகலிலோ மேற்கே கருமுகில் வரிசையாக எழுந்து, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். மேற்கு வானத்தைப் பார்த்துவிட்டுப் படகைத் தள்ளிய பழைய மீனவருக்கு இதனை எவரும் கற்பிக்கவில்லை.

வாடை இக்கரைக்கு நிலத்தின் பக்கமிருந்து, சற்றே சாய்வாக வந்து சேர்கிறது. அது முதலிற் சந்திப்பது மரின் பரேட் அடுக்குமாடிகளை. அவையும் தூர்த்த நிலத்தில் 1970களில் எழுந்தவையே. அவற்றின் இடுக்குகளில் உடைந்து, கரையோரத்தில் அக்காற்று தடுமாறி வீசுகிறது. பழகிய ஓட்டுநர் கரையருகே நேரத்தைக் கழிப்பதில்லை. கட்டடங்களின் நிழலைத் தாண்டி, நங்கூரமிட்ட கப்பல்களை நோக்கிச் சிறிது தூரம் செல்வர். வாடை முழுமையாகக் கிடைப்பது அங்கேதான்.