புதுச்சேரியில் உயர்கல்விச் சமவாய்ப்பு

புதுச்சேரியில் உயர்கல்விச் சமவாய்ப்பு என்பது, இந்தியாவின் ஒன்றியப் பகுதியான புதுச்சேரியில் சாதி, வறுமை, பாலினம், உடற்குறை, மொழி, வாழிடம் ஆகியவற்றால் பின்தங்கியோர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து படித்து முடிப்பதற்காக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும், அவை தொடர்பான கோரிக்கைகளையும் குறிக்கும். இதில் முதன்மையான இடம் வகிப்பது காலாப்பட்டில் அமைந்துள்ள புதுவைப் பல்கலைக்கழகம் ஆகும். இது ஒரு நடுவண் பல்கலைக்கழகம். ஆகவே இந்தியா முழுமைக்குமான விதிகளும் உள்ளூர் மக்களின் எதிர்பார்ப்பும் இங்கு ஒன்றையொன்று சந்திக்கின்றன.

பின்னணி

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியில் உயர்கல்வி மிகச் சிலருக்கே கிட்டியது. 1823 ஆம் ஆண்டில் தோன்றிய மருத்துவப் பள்ளியே இன்றைய ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் பிரெஞ்சு ஆட்சி முடியும்வரை இங்குப் பல்கலைக்கழகம் எதுவும் அமையவில்லை. 1954 ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையிலும், 1962 ஆம் ஆண்டு ஆகத்து 16 அன்று சட்டப்படியும் இந்தியாவிடம் வந்தது.

அதன் பிறகு தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. மகளிருக்கெனத் தனிக் கல்லூரி அமைந்தது, இருபாலர் கல்லூரிக்குப் பெண்களை அனுப்பத் தயங்கிய குடும்பங்களிலிருந்தும் பெண்கள் பட்டப்படிப்புக்கு வர வழிவகுத்தது.

புதுச்சேரி, காரைக்கால் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துடனும், மாகே கல்லூரி கோழிக்கோடு பல்கலைக்கழகத்துடனும், ஏனாம் கல்லூரி ஆந்திரப் பல்கலைக்கழகத்துடனும் இணைக்கப்பட்டிருந்தன. 1985 ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் புதுவைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரே இவை ஒரே குடையின்கீழ் வந்தன. இதன் ஆட்சி எல்லை புதுச்சேரி, இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய மூன்று ஒன்றியப் பகுதிகளாகும். "ஒளியை நோக்கி" என்னும் பொருள்தரும் பிரெஞ்சுத் தொடர் இதன் குறிக்கோளுரை ஆகும்.

இட ஒதுக்கீடு

நடுவண் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான ஒதுக்கீட்டுச் சட்டம் 2006 இல் இயற்றப்பட்டது. இதன்படி பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும், பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 27 விழுக்காடும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரலில் உறுதி செய்தது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு ஒதுக்கீடு 2019 ஆம் ஆண்டின் 103 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் வந்தது. இது 2022 நவம்பரில் உறுதி செய்யப்பட்டது.

புதுச்சேரி அரசின் கல்லூரிகளில் ஒன்றியப் பகுதிக்கெனத் தனியான ஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படுகிறது. தொழிற்கல்வி இடங்களை "சென்டாக்" எனப்படும் ஒருங்கிணைந்த மாணவர் சேர்க்கைக் குழு நிரப்புகிறது.

பழங்குடியினர் நிலை

ஒதுக்கீடு ஏட்டில் இருப்பதும், ஒருவர் அதனைப் பெறுவதும் வெவ்வேறானவை என்பதற்குப் புதுச்சேரி இருளர் ஓர் எடுத்துக்காட்டு. புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணை 1964 இலேயே வெளியிடப்பட்டது. ஆனால் பழங்குடிகள் ஆணை 2016 வரை வெளியிடப்படவில்லை. ஒரு குலத்தினர் பழங்குடியினரா என்பது மாநிலம் அல்லது ஒன்றியப் பகுதி வாரியாகவே முடிவு செய்யப்படுகிறது. எனவே தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்ந்த இருளர் பழங்குடிச் சான்றிதழ் பெற முடிந்தது. அதே எல்லையை ஒட்டிப் புதுச்சேரியில் வாழ்ந்த அவர்களின் உறவினர்க்கு அது கிடைக்கவில்லை. தங்கள் ஊரிலேயே உள்ள நடுவண் பல்கலைக்கழகத்தின் 7.5 விழுக்காடு இடங்களுக்கும் அவர்களால் உரிமை கோர இயலவில்லை.

2016 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வில்லி, வேட்டைக்காரன் ஆகிய பிரிவுகள் உள்ளிட்ட இருளரைப் பட்டியலில் சேர்த்தது. காட்டுநாயக்கர், மலைக்குறவர் உள்ளிட்ட பிற குலத்தினரும் தங்களைச் சேர்க்குமாறு கோரி வந்துள்ளனர்.

உள்ளூர் மாணவர் ஒதுக்கீடு

புதுவைப் பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட சில பாடப்பிரிவுகளில் 25 விழுக்காடு இடங்கள் புதுச்சேரி மாணவர்க்கு ஒதுக்கப்படுகின்றன. இதனை அனைத்துப் பாடப்பிரிவுகளுக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்பது மாணவர் அமைப்புகளும் அரசியல் கட்சிகளும் நெடுங்காலமாக முன்வைக்கும் கோரிக்கையாகும்.

பல்கலைக்கழகம் அமைந்ததன் பயன் அப்பகுதி மக்களுக்கு முதலில் சேர வேண்டும் என்பது கோரிக்கையாளரின் வாதம். நடுவண் பல்கலைக்கழகம் நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதும், பல மாநில மாணவர் சேர்ந்து பயில்வதே அதன் சிறப்பு என்பதும் எதிர்வாதம். ஒருவகைச் சமவாய்ப்பு மற்றொருவகைச் சமவாய்ப்போடு முரண்படக்கூடும் என்பதை இவ்விவாதம் காட்டுகிறது.

அரசுப் பள்ளி மாணவர்

மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமான பின்னர், பயிற்சி மையங்களுக்குப் பணம் செலுத்த இயலாத அரசுப் பள்ளி மாணவர் பின்தங்கினர். தமிழ்நாடு 2020 இல் இம்மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. புதுச்சேரி அரசும் அதே ஆண்டில் 10 விழுக்காடு வழங்க முடிவு செய்தது. ஆனால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் அது நடுவண் அரசின் இசைவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 2023 இல் இசைவு கிடைத்து 10 விழுக்காடு ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளி முடித்தோர்க்கு இவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

மாற்றுத்திறனாளிகள்

1995 ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு கல்வி இடங்களை ஒதுக்கியது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை உயர்கல்வியில் குறைந்தது 5 விழுக்காடாக உயர்த்தியது. அச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது.

புதுவைப் பல்கலைக்கழகம் மாற்றுத்திறனாளி மாணவர்க்குக் கல்விக் கட்டண விலக்கு அளிக்கிறது. இதன் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்தில் பார்வையற்றோர் கணினித் திரையில் உள்ளதை ஒலி வடிவில் கேட்கும் வசதி உண்டு. காலாப்பட்டு வளாகம் ஏறத்தாழ 800 ஏக்கர் பரப்புடையது. இத்தகைய வளாகத்தில் சாய்தளமும் உட்போக்குவரத்தும் இல்லையெனில், கட்டண விலக்கினால் மட்டும் ஒருவர் வகுப்பறையை அடைய இயலாது.

தொலைவும் மொழியும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு தனித்தனி நிலப்பகுதிகளால் ஆனது. காரைக்கால் நாகப்பட்டினத்திற்கு அருகிலும், மலையாளம் பேசும் மாகே கேரளக் கடற்கரையிலும், தெலுங்கு பேசும் ஏனாம் கோதாவரிக் கழிமுகத்திலும் உள்ளன. இத்தொலைவைக் கருதி காரைக்கால், மாகே, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் பல்கலைக்கழக மையங்கள் இயங்குகின்றன. 1995 இல் தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகச் சமுதாயக் கல்லூரி இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரிகளுள் ஒன்றாகும். வேலைவாய்ப்புக்கேற்ற குறுகியகாலப் படிப்புகளை அளிப்பது இத்தகைய கல்லூரிகளின் நோக்கம். தொலைநிலைக் கல்வியும் வழங்கப்படுகிறது.

2022 முதல் நடுவண் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வின் வழி நடைபெறுகிறது. இளநிலைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆயினும் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ்வழியில் பயின்ற முதல் தலைமுறை மாணவர்க்கு முதல் பருவமே கடினமாக அமைகிறது.

கட்டணம்

2020 பெப்ரவரியில் கட்டண உயர்வை எதிர்த்துப் பல்கலைக்கழக மாணவர் போராட்டம் நடத்தினர். கட்டணத்துடன் விடுதி, உணவு, பேருந்துச் செலவும் சேர்வதால், சேர்க்கை பெற்ற பின்னும் வறிய மாணவர் இடைநிற்கும் வாய்ப்பு உண்டு. புதுச்சேரி அரசு தொழிற்கல்வி மாணவர்க்குப் பெருந்தலைவர் காமராசர் பெயரிலான நிதியுதவித் திட்டத்தை நடத்துகிறது. உதவித்தொகை தாமதமின்றிக் கிடைப்பது, அதன் அளவைப் போன்றே முக்கியமானதாகும்.

சேர்க்கைக்குப் பின்

சேர்ந்தவர் பாகுபாடின்றி நடத்தப்படுவதும் சமவாய்ப்பின் பகுதியாகும். பல்கலைக்கழக மானியக் குழு 2012 இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள், சாதி முதலியவற்றால் நேரும் பாகுபாட்டை விசாரிக்கும் அலுவலரையும் சமவாய்ப்புப் பிரிவையும் அமைக்கக் கூறின. 2016 இல் ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து, இவ்விதிகள் எந்த அளவுக்குச் செயற்படுகின்றன என்னும் கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சமூக விலக்கலையும் உள்ளடக்கும் கொள்கையையும் ஆராயும் மையமும், மகளிரியல் மையமும் உள்ளன.

மதிப்பீடு

ஐக்கிய நாடுகள் அவை 2015 இல் ஏற்ற வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளுள் நான்காவது, 2030 க்குள் ஆண், பெண் அனைவருக்கும் தரமான உயர்கல்வி கட்டக்கூடிய செலவில் கிடைக்க வேண்டும் என்கிறது. புதுச்சேரியின் பட்டறிவு இதற்கு மூன்று படிகள் உள்ளதைக் காட்டுகிறது. முதலாவது, உரிமையை மெய்ப்பிக்கும் சான்றிதழ். இரண்டாவது, சேர்க்கை இடம். மூன்றாவது, படித்து முடிக்கத் தேவையான பணம், மொழித்துணை, மதிப்பு ஆகியன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகின்றன.